டாக்டர் வீட்டு வண்டியும் ஒரு வெள்ளை யூனிஃபார்மும்

போன வாரம் விட்ட இடத்திலேயேதான் வண்டி நிற்கிறது. ஷெட்டுக்குள், மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, அந்தக் கரும்பச்சை நிறக் கிழட்டுக் கார். நடுவழியில் ஏறுகிறவர்களுக்காக ஒரு சுருக்கம் சொல்லிவிடுகிறேன். முதலிலிருந்தே கூட வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஒரு டாக்டருடையது. அதை ஓட்டியவர் நம் கதையின் அப்பா. டாக்டர் வயதாகி கிளினிக்கை மூடிய அன்று, சாவியை அப்பாவின் கையில் வைத்து, "இனிமே இது உன்னுது" என்றார். வாயால் சொன்னதோடு சரி. பேர் மாற்ற வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. டாக்டர் காலமாகி எத்தனையோ வருஷமாகியும், வண்டியின் ஆர்.சி. புக்கில் இன்னும் அவர்தான் முதலாளி.

யாரும் கேட்காதவரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை. இப்போது கேட்கிறார்கள். பழைய வண்டிகளைப் பழம்பெரும் வண்டி என்று தனியாகப் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் உடைக்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. பதிவு செய்யப் போனால், "செத்துப் போனவர் வண்டி உங்க ஷெட்ல எப்படி?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

போதாததற்கு, வெளிநாட்டில் இருக்கும் டாக்டரின் மகன் ஆட்சேபம் அனுப்பிவிட்டான். தன் அப்பா வண்டியை யாருக்கும் கொடுக்கவில்லையாம். டிரைவரிடம் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னாராம். இத்தனை வருஷம் அந்த வண்டி இருக்கிறதா செத்ததா என்று கேட்காதவனுக்குத் திடீரென்று ஞாபகம் வந்ததற்குக் காரணம், பழைய கார்களைச் சேகரிக்கிற, இதற்கும் விலை பேசிய ஒரு பணக்காரர். ஆனால் டாக்டரின் மகள் நம் பக்கம். சாவி கை மாறியபோது பக்கத்தில் நின்றவள். தலை முழுக்க நரைத்துவிட்டது, அப்பாவுக்கு மட்டும் இன்றும் அவள் 'பாப்பா'தான். இன்றைக்கு விசாரணை. பாப்பா சாட்சி சொல்ல வருகிறாள்.

"ஒரு ஓட்டை வண்டிக்காக இந்தக் குடும்பம் ஏன் இப்படி அலைகிறது? விற்றுத் தலைமுழுக வேண்டியதுதானே?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கோபமாகத்தான் கேட்டிருந்தார். அவருக்குப் பதில் இந்த வாரம் காலையிலேயே இருக்கிறது.

அப்பாவுக்கு மறதி. கண்ணாடியை எங்கே வைத்தேன் என்கிற மறதி இல்லை. பெற்ற பிள்ளை முகமே நழுவிப் போகிற மறதி. வீட்டுக்குள் அவர் தன் மூத்த மகளை யாரோ உதவிக்கு வந்த பெண் என்றுதான் நினைக்கிறார். கண்ணியமாகத்தான் பேசுவார். "ஏம்மா, இவ்வளவு நேரம் இங்கயே இருக்கியே, உங்க வீட்ல தேட மாட்டாங்களா?" என்பார். அவள் "தேட மாட்டாங்க" என்பாள். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

ஆனால் தினமும் காலையில், டீ குடித்த கையோடு, அவரை ஷெட்டுக்குக் கூட்டிப்போய் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார வைப்பாள். சுற்றிவந்து பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்துவாள். அந்தக் கதவுச் சத்தத்தில் அவர் திரும்பிப் பார்ப்பார். முகம் தெளிந்துவிடும்.

"எங்கடி போகணும், ஹாரன்?"

ஹாரன் என்பது அவளுக்கு அப்பா வைத்த பேர். குழந்தையில் அழ ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாளாம். "மாட்டிக்கிட்ட ஹாரன் மாதிரி கத்துறாளே, ஒயரப் புடுங்குங்கய்யா!" என்று அப்பா காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாராம். அந்தப் பேரைச் சொல்ல உலகத்தில் அவர் ஒருத்தர்தான் உண்டு. அதைச் சொல்ல அவருக்கு இந்த வண்டி வேண்டியிருக்கிறது. வேறு எங்கேயும், வேறு எந்த நாற்காலியிலும், அந்தப் பேர் அவர் வாயில் வருவதில்லை.

வண்டி போனால் ஹாரனும் போய்விடுவாள். இதுதான் பதில், வாசகியே. இனி விசாரணைக்குப் போவோம்.

"எங்கடி போகணும், ஹாரன்?" என்றார் அப்பா, அன்று காலையிலும்.

"ஒரு ஆபீஸுக்குப்பா. வண்டிக்குப் பேர் மாத்தணும்."

"வண்டிக்கு எதுக்குடி பேரு? அது என்ன பச்சக் குழந்தையா?"

"உங்க பேருக்கு மாத்தணும்ப்பா. வண்டி யாருது?"

"என்னுது" என்றார் அப்பா. ஒரு வாரமாக மூத்தவளும் அவள் தம்பியும் சொல்லிக்கொடுத்த பாடம். பனியனும் கைலியுமாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி ஒப்பித்தார். "என்னுது. டாக்டரய்யா குடுத்தார்."

மூத்தவளுக்கு நிம்மதியாக இருந்தது. அவரை உள்ளே கூட்டிப்போய், அலமாரியிலிருந்து அந்த வெள்ளை யூனிஃபார்மை எடுத்தாள்.

அவள் ஒரு லாண்டரியில் வேலை பார்க்கிறாள். ஊரார் துணிக்கெல்லாம் இஸ்திரி போடுகிற கை. அப்பாவின் பழைய யூனிஃபார்மை ஊறவைத்து, மஞ்சளித்திருந்த காலரை வெளுத்து, கஞ்சி போட்டு, முந்தின நாள் அவளே இஸ்திரி போட்டிருந்தாள். பித்தளைப் பொத்தான்களைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தாள்.

தம்பி வந்தபோது அப்பா யூனிஃபார்மில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். இளையவன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமாகித் தனியாக இருக்கிறான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"எதுக்குக்கா இந்த வேஷம்? சாதா சட்ட போதாதா?"

"போன தடவ ஆஸ்பத்திரில என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா? புது இடத்தப் பாத்ததும் கதவப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதாரே. இதப் போட்டா பயப்பட மாட்டார்டா. பாரு, எப்படி நிக்கிறார்!"

"டிரைவர் மாதிரி நிக்கிறார்."

"டிரைவர்தானேடா?"

"அக்கா, நாம அங்க போறது அவர் முதலாளின்னு சொல்றதுக்கு."

"சட்டையப் பாத்தா பேர் மாத்தப் போறாங்க? அழாம நின்னாப் போதும்டா எனக்கு."

"உன் இஷ்டம்" என்றான் அவன். அக்காவிடம் அவன் எப்போதும் அதற்கு மேல் பேசியதில்லை. அங்கே ஒரு நிமிஷம் நின்று, யூனிஃபார்மில் இருக்கிற அப்பாவிடம் அந்தக் கேள்வியை இன்னொரு தடவை கேட்டுப் பார்த்திருக்கலாம். இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. எனக்கு இதை எழுதும்போது கை வந்து தடுக்கப் பார்க்கிறது, ஆனால் நடந்தது அப்படித்தான்.

இளையவன் வண்டியை எடுத்தான். முன் சீட் நீளமான பெஞ்சு மாதிரி இருக்கும். மூன்று பேரும் அதிலேயே இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பின் சீட் காலி. அது எப்போதுமே காலிதான். வண்டி இந்த வீட்டுக்கு வந்த பிறகும், மழையில் நனைந்துகொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாலும், பிள்ளைகள் பின் சீட்டில் ஏறக் கூடாது. அம்மாவைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போனதும் முன் சீட்டில்தான் என்று அம்மா உயிரோடு இருந்தவரை குத்திக்காட்டுவாள். "அது ஐயா உக்கார்ற இடம்" என்பார் அப்பா. மூத்தவள் அதை அப்பாவின் பிடிவாதம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"கிளட்ச் மேலயே ஏறி உக்காந்துட்டியா?" என்று அப்பா மகனை அதட்டினார். "எங்கடா படிச்ச வண்டி?"

"உங்ககிட்டதான்."

"நான் இந்த மாதிரி கசாப்புக்காரனுக்கெல்லாம் சொல்லித் தர மாட்டேன்."

மூத்தவள் சிரித்துவிட்டாள். இளையவனும் சிரித்தான். அன்றைக்கு அவர்கள் சிரித்தது அதுதான் கடைசி.

பதிவு அலுவலகத்தின் பின்பக்கம் ஒரு பெரிய முற்றம். சோதனைக்கு வந்த வண்டிகள் வரிசையாக நின்றன. ஓர் ஆய்வாளர் வந்து பானெட்டைத் திறக்கச் சொன்னார். சேசிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாகக் காகிதத்தில் எழும்பின. புக்கில் இருந்த நம்பரோடு ஒத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"வண்டி சுத்தம். இப்படி வெச்சிருக்கிறத நான் பாத்ததே இல்ல. ஒரு கிறுக்கல்கூட இல்லியே!"

அப்பா கைக்குட்டையை எடுத்து, ஆய்வாளர் கை பட்ட இடத்தைத் துடைத்தார். அழவில்லை. பயப்படவில்லை. அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அவர் ஒரு தூண் மாதிரி நின்றார். பார்த்தியா என்று மூத்தவள் தம்பியைப் பார்த்தாள்.

அப்போது பாப்பா வந்தாள். பருத்திப் புடவை, மூக்குக் கண்ணாடி, நரைத்த கொண்டை. முழங்கால் வலியோடு மெதுவாக நடந்து வந்தாள்.

அப்பா விறைத்து நிமிர்ந்தார். தொப்பி இல்லாத தலையைத் தொட்டு ஒரு சல்யூட் வைத்தார். ஓடிப்போய்ப் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"வாங்க பாப்பா. ஸ்கூல் விட்டாச்சா?"

பாப்பா அப்படியே நின்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"விட்டாச்சு, டிரைவர் மாமா."

மூத்தவள் திறந்த கதவையும், அதைப் பிடித்திருந்த வெள்ளைக் கையையும் பார்த்துக்கொண்டே நின்றாள். தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவளுக்கு அந்த நொடியில் புரிய ஆரம்பித்தது. இனி வீட்டுக்குப் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வர நேரம் இல்லை. உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதிகாரி ஒரு அம்மாள். கடுமையான ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலேயே எல்லோரையும் உட்காரச் சொன்னார். அப்பா மட்டும் உட்காரவில்லை.

"உக்காருங்க பெரியவரே."

"இருக்கட்டும்மா. நிக்கிறேன்."

"அப்பா, உக்காருங்கப்பா" என்றாள் மூத்தவள். அவர் அவளைப் பார்த்த பார்வையில் எந்தப் பேரும் இல்லை. முதலாளி வீட்டுப் பெண் இருக்கும்போது டிரைவர் எப்படி உட்காருவான் என்பது தெரியாமல் யாரோ ஒரு பெண் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்.

அதிகாரியம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனுஷி. எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். பாப்பாவை முதலில் விசாரித்தார். டாக்டர் சாவியைக் கொடுத்ததையும், சொன்ன வார்த்தையையும் பாப்பா தடுமாறாமல் சொன்னாள்.

"உங்க தம்பி வேற மாதிரி எழுதியிருக்காரே?"

"அவன் அன்னைக்கு அங்க இல்ல. நான் இருந்தேன்."

அதிகாரியம்மா தும்மிவிட்டு மூத்தவள் பக்கம் திரும்பினார். "இதோ பாருங்க. உங்களுக்கு விரோதமா எனக்கு ஒண்ணும் இல்ல. கண்ணால பாத்த சாட்சி இருக்கு. இத்தன வருஷம் வண்டியும் உங்க வீட்லதான். ஆனா குடுத்தார்னு நீங்கல்லாம் சொல்றீங்க. வாங்கிக்கிட்டேன்னு அவர் சொல்லணும். அது ஒண்ணுதான் பாக்கி. அவர் வாயால வந்துட்டா இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்."

இளையவன் அப்பாவின் தோளைத் தொட்டான். "அப்பா, இந்த அம்மா கேக்கறாங்க பாருங்க. காலைல சொன்னீங்களே, அதேதான்."

"பெரியவரே, வெளிய நிக்குதே பச்ச வண்டி. அது யாருது?"

அப்பா சட்டையின் கீழ்ப்பொத்தானைச் சரி பார்த்துக்கொண்டார்.

"டாக்டரய்யாவோடதும்மா."

இளையவன் நெற்றியில் கை வைத்துக்கொண்டான்.

அதிகாரியம்மா விடவில்லை. அவருக்கும் இது வேறு மாதிரி முடிய வேண்டும் என்று இருந்திருக்கும். "டாக்டர் அத உங்களுக்கே குடுத்துட்டதா சொல்றாங்களே?"

அப்பா சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த நல்ல சிரிப்பு.

"ஐயா அப்படித்தாம்மா. மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டார். 'இனிமே உன்னுதுடா'ன்னார். பெரிய மனுஷர் பிரியத்துல ஒரு வார்த்த சொன்னா, நாம அத அப்படியே பிடிச்சுக்கிட்டுத் தொங்கலாமா? தப்பில்ல?"

"அப்ப நீங்க வாங்கிக்கல?"

"சாவிய வாங்கினேன். வண்டியப் பாத்துக்கணுமில்ல?"

மூத்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். காலியாகவே இருந்த பின் சீட் அவளுக்கு ஞாபகம் வந்தது. மறதி வருவதற்கு முன்னாலும், புத்தி தெளிவாக இருந்த அத்தனை வருஷமும், அவர் அந்த வண்டியைத் தன்னுடையது என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. இன்று யூனிஃபார்ம் அவரைக் குழப்பவில்லை. உள்ளே இருந்ததை வெளியே கொண்டுவந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த யூனிஃபார்முக்குக் கஞ்சி போட்டது அவள் கை.

இளையவன் பொறுக்கமாட்டாமல் எழுந்துவிட்டான்.

"அப்பா! என்னப்பா பேசறீங்க? டாக்டர் செத்துப் போயாச்சு! செத்து எத்தனையோ வருஷமாச்சு! நீங்கதான் முன்னால நின்னு தூக்கிட்டுப் போனீங்க!"

அப்பாவின் முகத்தை நான் எப்படி எழுதுவேன்? அந்தச் செய்தி அவருக்கு அந்த நிமிஷம்தான் வந்து சேர்ந்தது. வாய் திறந்தபடி நின்றார். கை சுவரைத் தேடியது.

"ஐயாவா?" என்றார். "யார் சொன்னது? காலைல நான்தானே கிளினிக்ல விட்டேன்? சாயங்காலம் கூட்டிட்டு வரணுமே!"

சுவரோடு சரிந்து உட்காரப் போனார். மூத்தவள் ஓடிப்போய்ப் பிடித்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கண்ணெல்லாம் பாப்பாவின் மேல்தான்.

"பாப்பா, நீங்க சொல்லுங்க. ஐயாவுக்கு ஏதாவது ஆயிருச்சா?"

பாப்பா இப்போது ஆமாம் என்று சொல்ல வேண்டும். மெல்லப் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா போய்விட்டார் மாமா, வண்டி உங்களுடையதுதான், இந்த அம்மாவிடம் சொல்லுங்கள் என்று சொல்ல வேண்டும். அழுது ஓய்ந்த பிறகு அவர் சொன்னாலும் சொல்லியிருப்பார். இளையவன் அதைத்தான் கண்ணால் கெஞ்சினான். அதிகாரியம்மாகூடப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

பாப்பா மூத்தவளைப் பார்த்தாள். மூத்தவள் அப்பாவைப் பிடித்தபடி, அவர் உடம்பு நடுங்குவதைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, மெதுவாகத் தலையசைத்தாள். வேண்டாம்.

"அப்பா நல்லா இருக்கார் மாமா" என்றாள் பாப்பா. குரல் உடையாமல் பார்த்துக்கொண்டாள். "கிளினிக்லதான் இருக்கார். உங்களத்தான் கேட்டுட்டிருந்தார்."

அப்பாவுக்கு உயிர் திரும்பி வந்தது. நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார். எழுந்து நின்று, தன் சொந்த மகனைக் கோபமாகப் பார்த்தார்.

"யார்யா நீ? வாயக் கழுவு முதல்ல. நல்ல மனுஷரப் பத்திப் பேசற பேச்சா இது?"

இளையவன் வெளியே போய்விட்டான்.

அதிகாரியம்மா கொஞ்ச நேரம் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜலதோஷம்தான் என்று வைத்துக்கொள்வோம். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு பாப்பாவைப் பார்த்தார்.

"நான் கேட்டத எழுதித்தான் ஆகணும்மா. என்னால வேற ஒண்ணும் பண்ண முடியாது. வண்டி டாக்டர் சொத்துலதான் சேரும். உங்களுக்கும் உங்க தம்பிக்கும்தான். முடிவாகற வரைக்கும் உங்க பொறுப்புல இருக்கட்டும்" என்றார். பிறகு மூத்தவளிடம், "உங்க அப்பா பேர்ல இருந்த விண்ணப்பம் முடிஞ்சுது" என்றார். அந்த வார்த்தையை அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார்.

முற்றத்தில் வெயில் ஏறியிருந்தது. அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். சக்கரங்களைக் குனிந்து பார்த்தார். யாரும் சொல்லாமலேயே, இளையவன் வண்டியிலேயே விட்டிருந்த சாவியை எடுத்துக் கைக்குட்டையில் துடைத்துப் பாப்பாவிடம் நீட்டினார்.

"எண்ணெய் புதுசா ஊத்தியிருக்கு. இடது பக்கக் கதவு மழைல கொஞ்சம் இறுகும், லேசா மேல தூக்கித் திறக்கணும். ஐயாகிட்ட சொல்லிடுங்க பாப்பா, வண்டிய ஒப்படைச்சாச்சுன்னு."

பாப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மூத்தவளுக்கு ஒரே ஒரு ஆசை மிச்சம் இருந்தது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாள். "அப்பா, ஒரு நிமிஷம் உக்காருங்கப்பா. ஒரே ஒரு நிமிஷம். நானும் பக்கத்துல உக்கார்றேன்."

அப்பா கையெடுத்து மறுத்தார். "தப்பும்மா. டூட்டி முடிஞ்சுது. முதலாளி வண்டில சும்மா உக்காரக் கூடாது."

"அப்பா, உங்க கால்ல வேணா விழறேன்."

"ஐயோ, என்னம்மா இது!" என்று பதறி விலகினார் அவர். முன்பின் தெரியாத பெண் காலில் விழுகிறேன் என்றால் யார்தான் பதற மாட்டார்கள்? மூத்தவள் கதவைச் சாத்தினாள். அந்தச் சத்தத்தில் அவர் திரும்பிப் பார்ப்பாரோ என்று பார்த்தாள். பார்க்கவில்லை.

பாப்பா அவளைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். "என்ன மன்னிச்சிரும்மா. அவர் முகத்தப் பாத்துட்டு என்னால சொல்ல முடியல."

"நீங்க சொல்லலேன்னா நான் சொல்லியிருப்பேன். டாக்டர் நல்லா இருக்கார்னு."

"எல்லாரும் நல்லவங்க" என்றான் இளையவன் பின்னாலிருந்து. அவன் கண் சிவந்திருந்தது. "ரொம்ப நல்லவங்க. வண்டி போச்சு."

பாப்பா சாவியை இறுக்கிப் பிடித்திருந்தாள். "என் தம்பி இந்த வாரம் வர்றான். அந்த வண்டி வாங்கறவரையும் கூட்டிட்டு வர்றானாம். பாதி அவனுது, இல்லேங்கல. ஆனா இந்தச் சாவிய அவன் கைல குடுக்க மாட்டேன். என்ன செய்யப் போறேன்னு எனக்கே தெரியல, குடுக்க மட்டும் மாட்டேன்." அவள் எங்கே நின்று எதைச் செய்யப் போகிறாள் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வண்டியைப் பாப்பா வீட்டில் கொண்டுபோய் விடுவதற்காக இளையவன் சாவியை வாங்கிக்கொண்டு பாப்பாவோடு போனான். மூத்தவள் ஒரு டாக்ஸியை நிறுத்தினாள். அப்பா பின்கதவை அவளுக்குத் திறந்து பிடித்தார். அவள் ஏறிக்கொண்டதும் சாத்திவிட்டு, முன்னால் போய் டாக்ஸிக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பாவோடு போகிற வண்டியில் அவள் பின் சீட்டில் உட்காருவது அதுதான் முதல் தடவை. பின்னாலிருந்து பார்க்க அவர் கழுத்து மெலிந்து தெரிந்தது. கஞ்சி போட்ட காலர் அதைச் சுற்றிப் பெரிதாக நின்றது.

கொஞ்ச தூரம் போனதும் அவர் மரியாதையாகத் திரும்பினார்.

"மேடம், நீங்க எங்க இறங்கணும்?"

அவள் முகவரியைச் சொல்ல வாயைத் திறந்தாள், வேறு வார்த்தை வந்தது.

"ஹாரன் வீட்டுக்கு."

அப்பாவின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. "ஹாரனத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"எம் பொண்ணு அது. சரியான வாயாடி. நான் வர்ற வரைக்கும் சோறு எறங்காது அதுக்கு. வாசல்லயே நிக்கும்." டாக்ஸிக்காரர் பக்கம் திரும்பினார். "கொஞ்சம் அழுத்திப் போப்பா. குழந்த காத்துட்டிருக்கும்."

வீடு வந்தது. அவர் இறங்கி அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். பிறகு நிமிர்ந்து வீட்டைப் பார்த்தார். வாசலில் யாரும் இல்லை. கதவு பூட்டியிருந்தது. அவர் முகம் வாடியது.

மூத்தவள் டாக்ஸிக்காரரை அனுப்பிவிட்டு ஓடினாள். நரை விழுந்த வயதில், படியேறி ஓடினாள். பூட்டைத் திறந்து, கதவை அகலமாகத் தள்ளிவிட்டு, நடு வாசலில் அவரைப் பார்த்தபடி நின்றாள். சின்ன வயதில் நின்ற மாதிரியே, இரண்டு கையாலும் இரண்டு நிலையையும் பிடித்துக்கொண்டு.

அப்பா மெல்ல நடந்து வந்தார். படிக்குக் கீழே நின்று, தலையைச் சாய்த்து, அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்றார். "நான் வந்தது எம் பொண்ணுக்குத் தெரியணும்."

அவள் தள்ளி நின்றாள்.